டோபி மாடசாமி போர்க்கைதியான விவரம்

1. பாடைக்கு முன்னால் விரித்த துணி

சங்கத்துத் துரை குதிரையின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபோதே காரியம் கெட்டுப்போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலி ஜனங்கள் குடியிருக்கும் லயத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். துரை குதிரையில், அவருடைய பேச்சைத் தமிழில் சொல்லும் ரைட்டர் ஞானமுத்து மட்டக்குதிரையில், நான் பின்னால் மூச்சு வாங்க நடையில். எதிரே தப்புச் சத்தத்தோடு ஒரு பிரேதம் வந்தது. பாடைக்கு முன்னால் ரோட்டில் வெள்ளைத் துணிகளை விரித்திருந்தார்கள். பாடை தூக்குகிறவர்கள் மிதித்துக் கடந்ததும், பின்னால் கிடக்கிற துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து மறுபடி முன்னால் விரித்தார்கள். ஒவ்வொரு துணியின் மூலையிலும் நீல நூலில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் விரித்த கை. அது துரையுடைய சங்கத்தின் முத்திரை.

இது போயர் சண்டை நடந்த காலம். ஆப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரர்களோடு சண்டை போட்டுப் பிடிபட்ட போயர்களைக் கப்பல் கப்பலாக இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து, பண்டாரவளைக்குப் பக்கத்துப் பத்தனைப் புல்வெளியில் தகரக் கொட்டகை கட்டி, சுற்றிலும் முள்கம்பி அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கைதிகள் நியாயமாக நடத்தப்படுகிறார்களா என்று பார்ப்பதற்குச் சீமையில் ஒரு சங்கம் இருந்தது. பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. எந்தப் பக்கமும் சேராது. மருந்து, கம்பளி, படுக்கை விரிப்பு எல்லாம் அனுப்பும். அதன் சார்பில் வந்தவரைத்தான் சங்கத்துத் துரை என்கிறேன். நல்ல மனுஷர். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன், மேலே படித்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

நான் பதுளைக் கடைவீதியில் ஒரு கடையில் வேலை பார்த்தவன். மூன்றாம் வகுப்பு முடிக்கவில்லை. முகாமில் சலவைக் கன்ட்ராக்ட் எங்கள் முதலாளிக்குக் கிடைத்தது. அவர் என்னைத்தான் அனுப்பினார். அழுக்கு மூட்டையை வாங்கி ஓடைக்கரையில் டோபிகளிடம் சேர்ப்பதும், வெளுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. போகிற வழியெல்லாம் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பேன். எதுவும் விழுந்திருக்காது. இருந்தாலும் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி.

டோபிகளில் மூத்தவன் மாடசாமி. அவனோடு அவன் மனைவி வீராயி, வீராயியின் தம்பி சடையன். முகாமில் விஷக்காய்ச்சல் பரவியிருந்தது. காய்ச்சல் கொட்டகையிலிருந்து வரும் விரிப்புகளை முதலில் ஊறப்போட்டு அலசுவது சடையனுடைய வேலை. அவனுக்கும் காய்ச்சல் கண்டது. லயத்து அறையிலேயே கிடந்து போய்விட்டான். அன்றைக்குப் பாடையில் போனவன் அவன்தான்.

விரித்த துணியைப் பற்றி இளம்பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். நம் ஜனங்களிடம் சாவென்றால் டோபி வெள்ளை விரிக்கவேண்டும். பெண் பெரியவளானால் வெள்ளை கட்டவேண்டும். அதற்கு மாத்து என்று பெயர். டோபி அதற்கென்று தனியாகத் துணி வாங்கிவைப்பதில்லை. அந்த நேரம் அவன் கையில் யார் யார் துணி வெளுத்திருக்கிறதோ அதை எடுப்பான், காரியம் முடிந்ததும் மறுபடி வெளுத்து அவரவர் வீட்டில் சேர்ப்பான். என் வேட்டி எவன் சாவுக்குப் போய்வந்ததோ எனக்குத் தெரியாது. நாளைக்கு என் சாவுக்கு எவன் வேட்டியோ வரும். யாரும் கேட்பதில்லை. அந்த வாரம் மாடசாமி கையில் வெளுத்திருந்தது சங்கத்து விரிப்பு. அதை விரித்தான்.

துரை ஏதோ கேட்டார். ஞானமுத்து என்னைப் பார்த்து, "இது யாரு துணின்னு கேக்குறாரு" என்றார்.

"சங்கத்துத் துணிதாங்க."

"ஏன் ரோட்ல கெடக்குன்னு கேக்குறாரு."

மேலே எழுதினதையெல்லாம் சொன்னேன். ஞானமுத்து அதை ஒரே வரியில் இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டார். என்ன சொன்னாரோ, துரையின் முகம் சிவந்துபோயிற்று. அந்த முத்திரை இருக்கிற இடத்தில் சுடக்கூடாது என்று பல தேசத்து ராஜாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். அதைக் காலில் போட்டு மிதிப்பதா என்று கேட்டார். தப்புக் கொட்டு நின்றுவிட்டது. மாடசாமி குனிந்து விரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மச்சான் போறான். வழியை விடச் சொல்லுங்கய்யா," என்றான்.

துரை குதிரையை ஒதுக்கினார். அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தோட்டத்துத் துரை வீட்டுக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போனவர் அங்கே போகாமல் முகாமுக்குத் திரும்பி விசாரணைக்கு உத்தரவு போட்டார்.

2. கட்டில் கேட்டு அலைந்தது

விசாரணை நாள் வருவதற்குள் மாடசாமிக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. சடையனுக்கு எப்படி ஆரம்பித்ததோ அப்படியே. தலைவலி, பிறகு உடம்பு கொதி, பிறகு பினாத்தல்.

முள்கம்பிக்கு உள்ளே காய்ச்சல் கொட்டகை இருக்கிறது. டாக்டர் இருக்கிறார், பால் இருக்கிறது, ஐஸ்கூட ரயிலில் வருகிறது. கட்டில் காலியாக இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். ஓடைக்கரையில் நின்று கையைத் தட்டினால் கொட்டகையில் கேட்கும். அவ்வளவு கிட்டம். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் மாட்டுவண்டியில் மலை இறங்கி ஹாலிஎல தாண்டிப் போகவேண்டும். அந்தக் குலுக்கலில் நல்ல உடம்பே தாங்காது. எனக்கு ஒரே நினைப்புத்தான்: எப்படியாவது மாடசாமிக்கு அந்தக் கொட்டகையில் ஒரு கட்டில் வாங்கவேண்டும். சடையனுக்குக் கேட்க எனக்குத் தோன்றியபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

முதலில் தோட்டத்து மருந்துக்காரரிடம் போனேன். மாடசாமி தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதை விட்டு முகாம் வேலைக்குப் போய்விட்டான், அதனால் அவன் தோட்டத்து ஆள் இல்லை, முகாமில் கேள் என்றார். முகாமில் கேட்டேன். டோபிகள் கன்ட்ராக்டர் ஆட்கள், பட்டாளத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை, கன்ட்ராக்டரிடம் கேள் என்றார்கள். முதலாளி அன்றைக்குப் பண்டாரவளைக்கு வந்திருந்தார். ஓடினேன்.

"சுப்பையா, நான் துணிக்குக் கன்ட்ராக்ட் எடுத்தேனா, டோபிக்கு எடுத்தேனா?" என்றார்.

"துணிக்குத்தாங்க முதலாளி. ஆனா டோபி செத்துட்டா துணியை யாரு வெளுக்குறது?"

"வேற டோபியப் பாரு. எல்லாத்துக்கும் எங்கிட்ட வந்து நிக்காத. அந்தக் கொட்டகைக் கட்டில் பூராவும் சங்கம் குடுத்தது. அவங்களப் போய்க் கேளு."

அதுவும் சரிதான் என்று சங்கத்துத் துரையிடம் போனேன். ஞானமுத்துவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். துரை பொறுமையாகக் கேட்டார். மாடசாமிக்கு என்ன வயது, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சங்கத்துச் சட்டத்தை விளக்கினார். சண்டையிடும் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவனானாலும் சரி, காயப்பட்டவனுக்கும் கைதியானவனுக்கும் சங்கம் ஒரே மாதிரி உதவும். அதில் பாரபட்சமே கிடையாது என்றார். சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்த ஆளு எந்தப் பக்கம்னு கேக்குறாரு," என்றார் ஞானமுத்து.

"பூனாகலைப் பக்கம்னு சொல்லுங்க."

ஞானமுத்து அதை மொழிபெயர்க்கவில்லை. "சுப்பையா, ரெண்டு பக்கமும் இல்லேன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதாம். துரைக்கு மனசு ரொம்பக் கஷ்டமா இருக்காம்," என்றார்.

மனசு கஷ்டமாக இருந்ததை நானும் பார்த்தேன். கண்கூடக் கலங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான் வெளியே வந்து முள்கம்பி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போயர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் மாடசாமி வெளுத்த சட்டை.

3. விசாரணை

முகாம் ஆபீஸ் கொட்டகையில் விசாரணை. முகாமை நடத்தும் கர்னல் ஒரு நாற்காலியில், சங்கத்துத் துரை ஒரு நாற்காலியில். மாடசாமி எழுந்து நிற்கும் நிலையில் இல்லாததால் வீராயி வந்திருந்தாள். நான் கன்ட்ராக்டர் தரப்பு. 

மேசைமேல் ஒரு விரிப்பை வைத்திருந்தார்கள். முத்திரைக்குப் பக்கத்தில் சேங்கொட்டை மையில் மூன்று புள்ளியும் ஒரு கோடும். அது டோபி மார்க். எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று டோபி வைத்துக்கொள்ளும் அடையாளம், அழிக்கவே முடியாது. துரைக்கு அது இன்னொரு குற்றமாகப் போயிற்று. ராஜாக்கள் ஒத்துக்கொண்ட முத்திரைக்குப் பக்கத்தில் இவன் யார் தன் முத்திரையைப் போடுவதற்கு என்று கேட்டார். மார்க் போடாவிட்டால் கர்னல் துரை சட்டை கைதிக்குப் போய்விடும் என்று நான் சொன்னேன். கர்னல் சிரித்துவிட்டார். சங்கத்துத் துரை சிரிக்கவில்லை.

பிறகு சங்கத்துத் துரை நீளமாகப் பேசினார். சங்கத்துப் பொருளைக் கையில் தொடுகிற எவனும், அவன் எந்த ஜாதி, எந்த தேசமானாலும், சங்கத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆகையால் மாடசாமியை வேலையிலிருந்து நீக்கிப் போலீசில் ஒப்படைக்கவேண்டும். இதுதான் சாரம்.

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு வாய் திறந்துகொள்ளும், மூடத் தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று.

"ரைட்டரய்யா, இதைக் கேளுங்க. துணியத் தொட்டதுனால அவன் சங்கத்துச் சட்டத்துக்குள்ள வந்துட்டான்னு சொல்றாரு. அதே துணியத் தொட்டுத்தானே காய்ச்சல் வந்துச்சு. குத்தத்துக்கு மட்டும் அவங்க ஆளு, கட்டிலுக்கு வேற ஆளா?"

ஞானமுத்து தயங்கினார். கர்னல் என்னவென்று கேட்டதால் சொல்லவேண்டியதாயிற்று. சங்கத்துத் துரை அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, இது நல்ல கேள்வி என்றார். முக்கியமான கேள்வி என்றார். இதைத் தீர்மானிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, சீமையிலுள்ள தலைமை ஆபீசுக்கு அடுத்த கப்பலிலேயே எழுதிக் கேட்கிறேன் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இல்லை, நீ சொல்வது தப்பு என்று அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு கப்பலில் போட்டுவிட்டார். கப்பல் போய்த் திரும்புகிறவரை காய்ச்சல் காத்துக்கொண்டிருக்குமா?

வீராயி இவ்வளவு நேரமும் மூலையில் நின்றவள், "என்னய்யா சொல்றாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

4. எடுக்காத மூட்டை

மறுநாள் காலை முகாம் வாசலில் மூட்டைகள் வந்து விழுந்தன. வீராயி வந்தாள். மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எடுக்கவில்லை.

ஒரு வீட்டோடு மனத்தாங்கல் வந்தால் டோபி சத்தம் போடமாட்டான். வாசலுக்கு வருவான், அழுக்கை எடுக்கமாட்டான். அவ்வளவுதான். ஊரில் எப்பேர்ப்பட்ட பண்ணைக்காரனும் அதற்கு இறங்கிவந்துவிடுவான். இது நமக்குத் தெரியும், கர்னலுக்குத் தெரியுமா?

"வீராயி, எடுத்துக்க. அவங்க பட்டாளத்துக்காரங்க. ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிறப்போவுது," என்றேன்.

"என்ன ஆவும்? துணி அழுக்கா இருக்கும்."

"மாடசாமிய நெனச்சுப் பாரு."

"அந்த மனுஷன நெனச்சுத்தான் உக்காந்திருக்கேன். கட்டிலு குடுத்தா துணி எடுப்பேன். குடுக்கலேன்னா அவங்க ராசாக்கள வந்து வெளுக்கச் சொல்லுங்க."

வேறு டோபிகளைத் தேடி முதலாளி என்னை விரட்டினார். பண்டாரவளைக்குப் போனேன், ஹாலிஎலவுக்கு ஆள் அனுப்பினேன். அதற்குள் விஷயம் டோபிகளின் எல்லாச் சலவைத்துறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சாவுக்கு மாத்து விரித்தவனைப் போலீசில் கொடுக்கிற இடத்தில் கால் வைக்கமாட்டோம் என்று விட்டார்கள். கிராமத்துச் சிங்கள டோபிகளிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர்களுக்கும் இதே வழக்கம் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் அவர்களும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்டிக்கொண்டால் முதலாளி வேலையை விட்டு நீக்கிவிடுவார் என்று பயம்.

வாசலில் மூட்டை மலைபோல ஏறியது. மழை வேறு. காய்ச்சல் கொட்டகையில் மாற்று விரிப்பு தீர்ந்துவிட்டது. முகாம் டாக்டர் கர்னலிடம் போய்க் கத்தினார், கர்னல் சங்கத்துத் துரையிடம் கத்தினார். அப்போதுதான் சங்கத்துத் துரைக்கு ஒரு வழி தோன்றியது. சட்டத்தை மீறமுடியாது, ஆனால் சட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது என்றார். பட்டாளம் ஒருவனைப் பிடித்து முகாமுக்குள் அடைத்துவிட்டால் அவன் கைதி. கைதியானால் அவன் ஒரு பக்கத்தைச் சேர்ந்துவிடுகிறான். பிறகு கட்டில் கொடுக்கத் தடை இல்லை.

கர்னல் உடனே சரி என்றார், போலீஸ் பேச்சையும் அத்தோடு விட்டுவிட்டார். அவருக்குத் துணி வெளுத்தால் போதும்.

இரண்டு சிப்பாய்கள் தூக்குக்கட்டிலோடு லயத்துக்கு வந்தார்கள். நானும் ஓடினேன். விரிப்புக் குற்றத்துக்காகப் பிடித்துப்போகிறார்கள் என்று நினைத்து வீராயி வாசல்படியில் குறுக்கே விழுந்துவிட்டாள். ஒரு சிப்பாயின் தொப்பி சாக்கடையில் போயிற்று.

"வீராயி, விடு. கைது பண்றாங்க. நல்லதுக்குத்தான்," என்றேன்.

"கைது பண்றதுல என்னய்யா நல்லது?"

"போயர் ஆக்கிட்டாங்க. இப்ப கட்டில் உண்டு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எனக்கும் காய்ச்சல் வந்துவிட்டதாக நினைத்திருப்பாள். ஆனால் வழியை விட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் மாடசாமி வெள்ளை விரிப்பில் படுத்திருந்தான். அடுத்த நாள் அவள் மூட்டையை எடுத்தாள்.

5. வெளியே வர வழியில்லை

மாடசாமி பிழைத்தான். டாக்டர் நன்றாகப் பார்த்தார், பால் தாராளமாகக் கிடைத்தது. எழுந்து நடந்து, வீட்டுக்குப் போகிறேன் என்று கொட்டகை வாசலுக்கு வந்தபோது காவல்காரன் துப்பாக்கியைக் குறுக்கே வைத்தான்.

நான் கர்னல் ஆபீசுக்கு ஓடினேன். சங்கத்துத் துரை ஊரில் இல்லை, கைதிகள் இருக்கும் வேறொரு தீவைப் பார்க்கக் கப்பல் ஏறிவிட்டார். கர்னல் சொன்னதை ஞானமுத்து எனக்கு எடுத்துச் சொன்னார். கைதிகளைச் சங்கத்துத் துரை தானே நின்று எண்ணி, தலைமை ஆபீசுக்கும் கணக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து எண்ணும்போது ஒரு தலை குறைந்தால், இங்கிலீஷ்காரர்கள் கைதியைக் கொன்றுவிட்டார்கள் என்று உலகமெல்லாம் எழுதிவிடுவார்கள். ஆகையால் அவர் வரும்வரை ஒரு கைதியையும் விடமுடியாது.

"அவன் டோபிங்க. உங்களுக்கே தெரியும். நீங்கதானே ஆக்குனீங்க," என்றேன்.

"எனக்குத் தெரியும், கர்னலுக்கும் தெரியும். சங்கத்துக்குத் தெரியாதே," என்றார் ஞானமுத்து.

மாடசாமி தினமும் காலையில் போயர்களோடு வரிசையில் நின்றான். நம் ஆட்கள் அதையும் பெரட்டு என்றார்கள். சங்கத்திலிருந்து கைதிகளுக்கு வரும் சாமான் அவனுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது. காலுக்குக் கம்பளி மேஸ், குழாய்ப் புகையிலை, ஒல்லாந்து பாஷையில் ஒரு ஜெபப் புத்தகம். போயர்கள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சிரித்தார்கள். ஆனால் தங்கள் சட்டைக் காலரைக் காட்டி அவனிடம் குறை சொன்னார்கள். வீராயி ஒற்றை ஆளாக வெளுப்பதில் காலர் சரியாக வரவில்லை. அவன் கம்பிக்கு உள்ளே இருந்தபடி அவளுக்கு யோசனை சொல்வான்.

"நல்லா மேசு போட்டுக்கிட்டு உக்காந்து வாய் பேசுறாரு. எறங்கி வந்து அடிச்சுக் காட்டச் சொல்லுங்க," என்பாள் அவள் என்னிடம், அவனுக்குக் கேட்கும்படி.

அவளுக்கு அது கிண்டல். எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம், சண்டை முடியப்போகிறது, கைதிகளைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. மாடசாமியையும் ஏற்றிவிட்டால்? எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டும் என்கிற மனுஷர்கள் ஏற்றமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? நான் இதைச் சொன்னதும் வீராயியும் கிண்டலை விட்டுவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு ரயில் வரும்போதும் இரண்டு பேரும் ஸ்டேஷனைப் பார்த்தே நின்றோம். ஒரு வழியாகச் சங்கத்துத் துரை வந்து இறங்கினார்.

மாடசாமியைப் பார்த்ததும் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். உயிர் பிழைத்தவனைப் பார்த்துச் சந்தோஷப்படுவது நியாயம்தான். விடுதலைக்கு மூன்றே வழி என்றார். கைதிக்குக் கைதி மாற்றிக்கொள்வது, சமாதானம் ஆவது, அல்லது சத்தியம் செய்துகொடுப்பது. மாடசாமிக்குப் பதிலாக மாற்றிக்கொள்ள ஆப்பிரிக்காவில் ஒருவரும் இல்லை. சமாதானம் இன்னும் ஆகவில்லை. ஆகவே சத்தியம்.

ஆபீஸ் கொட்டகையில் மாடசாமியை நிறுத்தினார்கள். புத்தகத்தில் கை வைக்கச் சொன்னபோது, சூடம் இல்லையா என்று கேட்டான். இல்லை. கடைசியில் ஒரு வெளுத்த விரிப்பைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன், என் தொழில் அதுதான் என்றான். துரை ஒத்துக்கொண்டார். ஞானமுத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

"ராஜாவுக்கு விரோதமாக இனிமேல் ஆயுதம் எடுக்கமாட்டேன். சொல்லு."

மாடசாமி என் பக்கம் திரும்பினான். "இனிமேன்னு சொல்றாங்களே ஐயா. இதுக்கு முந்தி நான் எப்ப எடுத்தேன்?"

"அதெல்லாம் கேக்காத, மாடசாமி. சொல்லு."

"பொய்ச் சத்தியம் ஆயிறாதா? தொழில் மேல கை வச்சிருக்கேன்."

அவன் என்ன கேட்டான் என்று சங்கத்துத் துரை விசாரித்தார். ஞானமுத்து சொன்னார். துரை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, அந்த வார்த்தையை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

மாடசாமி அப்படியே சொன்னான். கையை எடுத்து, விரிப்பில் பட்ட விரல் தடத்தைப் பார்த்தான். விரிப்பை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான், மறுபடி வெளுக்க. வெளியே போனான். காவல்காரன் துப்பாக்கியை ஒதுக்கினான்.

6. நான் படித்துக்கொண்டது

சீமைத் தலைமை ஆபீசின் பதில், சண்டை முடிந்து முகாம் காலியாகிப் புல் முளைத்த பிறகு வந்தது. கன்ட்ராக்டர் என்கிற முறையில் முதலாளிக்கும் ஒரு நகல். சங்கத்து முத்திரையுள்ள துணியைச் சாவுச் சடங்குக்குப் பயன்படுத்தக்கூடாது என்று திட்டமாக எழுதியிருந்தது. வெளுக்கிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு என்கிற கேள்வி, யோசனையில் இருக்கிறதாம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யோசித்து முடித்த செய்தி எனக்கு இன்னும் வரவில்லை.

மாடசாமி இப்போதும் இருக்கிறான். ஜனங்கள் போயர் மாடசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பின்னால் உலகமெல்லாம் நடந்த பெரிய சண்டை முடிந்த அன்று பதுளையில் வெடி வெடித்தார்கள். கடையில் யாரோ அவனைச் சீண்டினார்கள், "என்ன மாடசாமி, இந்தச் சண்டையில நீ எந்தப் பக்கம்?" என்று. "எந்தப் பக்கமும் அழுக்குத் துணி நம்ம பக்கந்தான் வரும்," என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

இப்போது எங்கள் கடைப் பையன்கள் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். உலகத்து தேசங்களெல்லாம் கூடி ஒரு பெரிய சபை வைத்திருக்கிறார்களாம், இனிமேல் சண்டை வந்தால் அதை நியாயமாகத் தீர்ப்பார்களாம். வரட்டும், நல்லதுதான். கெட்டவர்கள் அப்படிச் சபை கூட்டமாட்டார்கள். நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. யாருக்கு உதவுவோம் என்று எழுதிவைக்கிறார்கள். அதில் பெயர் இல்லாதவன் கண்ணுக்கு முன்னால் சாகும்போது கண் கலங்குகிறார்கள். கலங்கின கண்ணோடு சட்டத்தைப் பார்க்கிறார்கள். அந்தச் சபைக்கும் ஒரு கட்டடம் இருக்கும், மேசை இருக்கும், மேசைக்கு விரிப்பு இருக்கும்.

வேலைக்குப் போகிற இளம்பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு பெரிய பெயருள்ள இடமானாலும், எவ்வளவு நல்ல காரியம் செய்கிற இடமானாலும், முதல் நாள் வாசலில் நின்று கேளுங்கள்: எனக்குக் காய்ச்சல் வந்தால் நான் யாருடைய ஆள்? பதில் வரும்வரை மூட்டையில் கை வைக்காதீர்கள்.